தொண்ணூற்றொன்பது விழுக்காடு அப்பா

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்த தனிஸ்லாஸ், தலைக்கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, திரையில் தெரிந்த மகளைப் பார்த்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டான்.

மகள் எமல்டா இருந்தது பூமியில், மணப்பாட்டில். அவன் இருந்தது சனிக்கோளின் நிலவான டைட்டனில். நடுவே நூற்று நாற்பது கோடி கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அந்தக் கேள்வி அவள் காதில் விழ ஒரு மணி பதினெட்டு நிமிடம் ஆகும்.

"சாப்பிட்டேன்ப்பா. நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள் எமல்டா, அரை நொடியில்.

இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. டைட்டனில் வேலை பார்க்கும் ஆறாயிரம் பேரின் அறையிலும் இருக்கும் ஊகி என்ற கருவிதான் அது. ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இரண்டரை மணி நேரம் காத்திருந்தால் மனிதனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்பதால், கேட்டவருக்கு அப்போதே பதிலை ஊகித்து, அதே முகத்தோடும் குரலோடும் அது சொல்லிவிடும். மணப்பாட்டு வீட்டிலும் ஓர் ஊகி உண்டு. அங்கே அது தனிஸ்லாஸாகப் பேசும். இரண்டு பக்கமும் உண்மையில் பேசியவை பின்னால் ஆடி அசைந்து வந்து 'அசல் பெட்டி' என்ற அடுக்கில் விழும். வேண்டியவர்கள் திறந்து கேட்டுக்கொள்ளலாம். அப்படித் திறந்து கேட்டால்தான் அதிலிருந்து ஊகி கற்றுக்கொள்ளும், அதுவும் வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமைதோறும். திறக்காததை ஊகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், அதிலிருந்து கருவி கற்கக் கூடாது என்று சட்டம்.

வேண்டியவர்கள் யார்? பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருகிறவனுக்குப் பேச்சு வேண்டும், அப்போதே வேண்டும். முதல் ஏழெட்டு மாதம் தனிஸ்லாஸும் ஒழுங்காக அசலைக் கேட்டான். பிறகு, ஊகி சொன்னதைத்தானே அவளும் சொல்லியிருக்கப்போகிறாள் என்று விட்டுவிட்டான். அசலும் ஊகமும் வேறுபட்டால் எரியும் சிவப்பு விளக்கு ஒன்று அந்தக் கருவியில் உண்டு. அது விடாமல் எரிந்து கண்ணை உறுத்தியது. பழுதாகியிருக்கும் என்று, மூன்றாம் ஆண்டு அதன்மேல் கறுப்பு நாடா ஒட்டினான். ஹெலிகாப்டர் மெக்கானிக். எந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியைத் தரையைவிட்டு எழும்ப விடாதவன். அவன்தான் ஒட்டினான்.

"எமல்டா, அப்பாவுக்கு இன்னும் நாலே மாசம்தான். ஒப்பந்தம் முடிஞ்சி கப்பல் ஏறிருவேன். உனக்கு என்ன வேணும்னு கடைசியா ஒரு தடவ சொல்லு."

"நீங்க சொன்னீங்களேப்பா, கரண்டுல பறக்குற ஹெலிகாப்டர். அதுதான் வேணும். ரிமோட்ல ஓட்டுற ஹெலிகாப்டர்!"

தனிஸ்லாஸுக்கு உச்சி குளிர்ந்தது. நாலு வயதில் விட்டுவந்த பிள்ளை. அவன் மண்ணில் கால் வைக்கும்போது அவளுக்குப் பதின்மூன்று ஆகியிருக்கும். வாசலில் நிற்கிற ஆளை யாரென்று பார்த்து அம்மாவின் பின்னால் ஒளிந்துவிடுவாளோ என்ற ஒரே பயம்தான் அவனுக்கு. கையில் அவளுக்குப் பிடித்த ஒன்று இருந்தால் அந்த முதல் ஐந்து நிமிடத்தைக் கடந்துவிடலாம். அதற்குப் பிறகு எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பினான்.

கப்பலில் ஓர் ஆளுக்கு இரண்டு கிலோ சாமான்தான். ஆகவே நாலு மாதம் முன்பே தேர்வு தொடங்கிவிட்டது.

*

டைட்டனில் கடை என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று. அதை நடத்தியவர் காயல்பட்டினத்து நபீசா. அங்கே அக்காவை லாத்தா என்பார்கள் என்பதால் மீத்தேன் ஏரித் தொழிலாளர் அத்தனை பேருக்கும், ரஷ்யாக்காரன் உள்பட, அவர் லாத்தா. ஊருக்குத் திரும்புகிறவர்கள் வாங்கிப்போகும் சாமான்கள்தான் அவருடைய வியாபாரம். எல்லாம் பூமியில் செய்து, இங்கே வந்து, மறுபடி பூமிக்கே போகிறவை. ஆனால் 'டைட்டனிலிருந்து கொண்டுவந்தது' என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா, அதற்குத்தான் இத்தனை கோடி கிலோமீட்டர்.

நபீசா மேசைமேல் மூன்று பெட்டிகளைத் திறந்துவைத்தார்.

"இது ரெட்டை இறக்கை. ஒண்ணுமேல ஒண்ணு, எதிரெதிராச் சுத்தும். ஆடாது, அசையாது, சின்னப் பிள்ளையளுக்கு ஏத்தது. இது ஒத்த இறக்கை, வால்ல ஒரு குட்டி இறக்கை. அசலான ஹெலிகாப்டர் மாதிரி. ஆனா ஓட்டத் தெரியணும், பொறுமை வேணும். இந்த மூணாவது, தானே பறந்து தானே இறங்கும். பிள்ளை சும்மா பாத்துக்கிட்டு இருந்தாப் போதும்."

"பறக்கவிட்டுப் பாக்கலாமா லாத்தா?"

"இங்கயா? இந்தத் தடிச்ச காத்துக்கும் இந்தக் கொறஞ்ச கனத்துக்கும் அம்மிக்கல்லுக்கு இறக்கை கட்டினாலும் பறக்கும் தம்பி. ஊர்ல பறக்குமாங்கறது பெட்டிமேல எழுதியிருக்கறத நம்பித்தான்."

தனிஸ்லாஸ் மூன்றையும் கையிலெடுத்து, விரலால் இறக்கையைச் சுண்டி, கண்ணருகே வைத்துப் பார்த்தான். எட்டு டன் ஹெலிகாப்டர்களின் வயிற்றைப் பிளந்து பார்க்கிற கை அது. டைட்டன் காற்றில் ஆக்சிஜன் கிடையாது என்பதால் இங்கே பறப்பவை எல்லாமே மின்சாரத்தில்தான் ஓடும். ஆகவே மோட்டார், கம்பி, மின்கலம் எல்லாம் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. கடைசியில் ரெட்டை இறக்கையைத் தேர்ந்து நபீசா பக்கம் நகர்த்திவைத்தான். பெண்பிள்ளை, சுலபமானதாக இருக்கட்டும்.

"எந்தக் கை?" என்றார் நபீசா.

"என்ன லாத்தா?"

"பிள்ளைக்கு எந்தக் கைப்பழக்கம்னேன். ரிமோட்ல மேல ஏத்தி இறக்குற குச்சி வலப்பக்கம் இருக்கணுமா, இடப்பக்கம் இருக்கணுமா? மாத்திக் குடுத்தா ஒரு வாரத்துல சுவத்துல மோதி ஒடச்சிருமே."

தனிஸ்லாஸ் ரிமோட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எட்டு ஆண்டுகளில் நானூறுக்கும் மேல் வெள்ளிக்கிழமைகள் பேசியிருக்கிறான். பெற்ற மகள் எந்தக் கையால் சோறு அள்ளித் தின்கிறாள் என்று தெரியவில்லை.

"ஒரு நிமிசம்" என்று மணிக்கட்டிலிருந்த சின்னத் திரையைத் தட்டி, "எமல்டா, நீ எந்தக் கையிலம்மா எழுதுவ?" என்றான்.

"வலது கையிலதான்ப்பா. ஏன்ப்பா?"

"வலது லாத்தா" என்று நிமிர்ந்தான்.

நபீசா பெட்டியை எடுக்கவில்லை. "இது ஊகியில்லா சொல்லுது. அசல்ல கேட்டியளா?"

"ரெண்டும் ஒண்ணுதானே லாத்தா."

"நூறு பிள்ளையில தொண்ணூறு பிள்ளைக்கு வலது கை. அது எனக்கும்தான் தெரியும், அதுக்கு ஊகி எதுக்கு? போய் அசலக் கேட்டுட்டு வாங்கோ தம்பி. வித்த சாமானைத் திரும்ப எடுக்குற வழக்கம் எனக்கு இல்ல."

*

மறுநாள் விடுமுறை. காலையிலேயே அசல் பெட்டியைத் திறந்தான். திறக்காதவை முந்நூற்று எண்பத்தொன்று என்றது அது. மனைவி ஜெனோவாவின் அசல்கள் வேறோர் அடுக்கில் கிடந்தன. அந்த எண்ணிக்கையைப் பார்க்கும் தைரியம் அவனுக்கு வரவில்லை.

கை எது என்று மட்டும் தெரிந்தால் போதும். நடுவில் எங்கோ ஒன்றைத் தொட்டான். எமல்டாவின் எட்டாவது வயது.

"அப்பா, கேக்குதா? நான் எமல்டா பேசுதேன்."

தூக்கிவாரிப்போட்டது. குரல் கரகரவென்று இருந்தது. வேகமாக, மூச்சு வாங்கப் பேசியது. மணப்பாட்டுப் பேச்சு, அவன் அம்மா பேசிய பேச்சு. இத்தனை நாள் அவனோடு பேசிய பிள்ளை வானொலியில் செய்தி வாசிப்பதுபோலப் பேசும். அதுகூட அவனுக்கு உறைத்ததில்லை.

"நீங்க அனுப்புன ஹெலிகாப்டர் வந்துட்டு. அம்மா குடுத்தா. ஒத்த இறக்க, வால்ல குட்டி இறக்க. சூப்பரா இருக்கு."

அவன் எதுவும் அனுப்பவில்லை. ஜெனோவா தன் கைப்பணத்தில் வாங்கி, அப்பா அனுப்பியது என்று சொல்லியிருக்கிறாள். தனிஸ்லாஸ் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான்.

அடுத்த வாரம்: "அப்பா, மாதா கோயில் சுவத்துல முட்டி வால் மோட்டாரு கழண்டுட்டு. நானே கம்பிய ஒட்டிட்டேன். இப்ப மேல எழும்புனதும் உடம்பு பம்பரம் மாதிரி சுத்துது. வால் இறக்கையும் ஓடத்தான் செய்யுது. அப்புறம் ஏன் சுத்துது? நீங்க ஹெலிகாப்டருக்கு வைத்தியம் பாக்குறவங்கன்னு டீச்சர்ட்ட சொல்லியிருக்கேன். என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"கம்பி ரெண்டும் இடம் மாறிட்டும்மா! செவப்பையும் கறுப்பையும் மாத்தி ஒட்டு, வால் எதிர்ப்பக்கம் தள்ளுது!" என்று அந்தத் தனி அறையில் சத்தமாகச் சொன்னான் தனிஸ்லாஸ். நாலு ஆண்டுகள் கழித்து.

அடுத்த வாரம்: "வால் மோட்டாரக் கேட்டா நீங்க 'மழ பெய்யுதா'ன்னு கேக்கீங்க. அது ஊகின்னு அம்மா சொன்னா. அதனால உங்க அசல் வாரதுக்கு உக்காந்து காத்திருந்து, அதையும் தொறந்து கேட்டேன். அதுலயும் 'மழ பெய்யுதா'ன்னுதான் இருக்கு."

அதற்கடுத்த வாரம்: "ரிமோட்ல குச்சிய எடப்பக்கம் மாத்திட்டேன். நான் எடதுகைக்காரில்லா, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வால் மோட்டாருக்கு என்னன்னு சொல்லுங்கப்பா."

அதற்கும் அடுத்தது: "நான் பேசுறது உங்களுக்குக் கேக்குதா இல்லையான்னு தெரியல. ஒண்ணு செய்ங்க. அடுத்த வெள்ளிக்கிழம பேசும்போது நடுவுல ஒரே ஒரு தடவ 'வால்'னு சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் புரிஞ்சிக்கிடுவேன்."

அந்த வெள்ளிக்கிழமை தான் என்ன பேசினோம் என்று தேடிப் பார்க்க அவனுக்குத் தேவையிருக்கவில்லை. சாப்பிட்டியா, மழை பெய்யுதா, நல்லாப் படிக்கிறியா, அம்மா சொல்றதைக் கேளு, உடம்பைப் பாத்துக்கோ. இந்த ஐந்தைத் தவிர வேறெதையும் பேசியதாக நினைவில்லை.

இதற்கு அவனை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. ஊகியை முதலில் உருவாக்கிய பொறியாளர்கள், ஒரு காலத்தில் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பிழைக்கப் போனவர்கள் வீட்டோடு பேசிய பல லட்சம் தொலைபேசிப் பேச்சுகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். மனித மனத்தின் ஆழத்தைக் கருவிக்குக் கற்றுக்கொடுக்க இருபது ஆண்டுகள் ஆகும் என்று திட்டம் போட்டிருந்தார்கள். ஒன்பது வாக்கியங்களோடு வேலை முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் 'அப்புறம்?', 'வேறென்ன?', 'சரி வைக்கட்டுமா?' என்பவைதான்.

ஆறாவது வாரம் எமல்டா சொன்னாள்: "கம்பிய மாத்தி ஒட்டினேன். சரியாயிட்டு. நீங்க சொல்ல வேண்டாம்."

அதன் பிறகும் கொஞ்ச காலம் அவள் பேசத்தான் செய்தாள். ஹெலிகாப்டரைப் பனைமர உயரத்துக்கு ஏற்றியதும், கடற்கரையில் எதிர்காற்றில் நிறுத்தியதும், நாலாவது வால் இறக்கையும் உடைந்து, அந்த அளவு எங்கும் கிடைக்காமல் போனதும் ஒவ்வொரு வாரமும் வந்து விழுந்திருந்தன. பத்து வயது தாண்டியதும் அசல்கள் சுருங்கின. கடைசி ஓராண்டில் ஒவ்வொன்றும் பதினோரே நொடி.

"சாப்பிட்டேன்ப்பா. நல்லாப் படிக்கிறேன்ப்பா. நீங்க உடம்பைப் பாத்துக்கோங்கப்பா."

மணப்பாட்டுப் பேச்சு போயிருந்தது. செய்தி வாசிக்கும் பேச்சு வந்திருந்தது. தனிஸ்லாஸ் எழுந்து, கருவியின்மேல் ஒட்டியிருந்த கறுப்பு நாடாவைக் கிழித்தான். சிவப்பு விளக்கு எரியவில்லை. அணைந்து ஓராண்டு ஆகியிருக்கும். தன்னைவிட ஊகியைத்தான் அப்பாவுக்குப் பிடிக்கும் என்று கண்டுகொண்ட பிள்ளை, அதைப் போலவே பேசப் பழகிவிட்டிருந்தது. அவனுக்கு அழுகை வந்தது, அதைவிட வெட்கம் வந்தது. அறையில் யாருமில்லாதபோதும் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான்.

*

"எடது கை லாத்தா" என்றான் கடைக்குப் போய்.

"பாத்தியளா!" என்று நபீசா ரெட்டை இறக்கைப் பெட்டியை எடுத்தார்.

"அது வேண்டாம். ஹெலிகாப்டரே வேண்டாம். அந்த ஒத்த இறக்கைக்குப் போடுற வால் இறக்கை மட்டும் நாலு குடுங்க."

"ஆடு வாங்க வந்துட்டு வால மட்டும் கேக்குறியளே தம்பி. ஊருக்குப் போய் நாலு பேருக்கு முன்னால பெட்டியப் பிரிக்கும்போது என்ன இருக்கும் அதுல?"

"நாலு பேருக்கு வேண்டாம்."

நபீசா அவன் முகத்தைப் பார்த்தார். உள்ளங்கையில் அடங்கும் உறையில் நாலு இறக்கைகளைப் போட்டுக் கொடுத்தார். நாலும் சேர்ந்து ஒரு மிளகாய் வற்றல் கனம்கூட இல்லை.

ஆனால் கப்பல் ஏற நாலு மாதம், ஊர் போய்ச் சேர இன்னும் ஏழு மாதம். அதுவரை அவள் அந்தப் பதினோரு நொடியைப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. வாசலில் போய் நிற்பதற்கு முன்னால், இன்றைக்கே, அவளுக்கு ஒரு சொல்லாவது போய்ச் சேர வேண்டும். தனிஸ்லாஸ் அறைக்கு வந்தான். ஊகியை நிறுத்தினான். அசல் பதிவை மட்டும் திறந்து பேசினான்.

"எமல்டா, அப்பா பேசுதேன். ஊகி இல்ல, நான்தான். நீ அனுப்புனத எல்லாம் இன்னிக்குத்தான் கேட்டேன். நாலு வருசம் கழிச்சு. கம்பி இடம் மாறினத நீயே கண்டுபிடிச்சிட்ட. எங்கிட்ட வேல பாக்குற பயலுவளுக்கே அது தெரியாது. எனக்கு உன் முகத்துல முழிக்க வெக்கமா இருக்கும்மா. எடது கைன்னுகூட எனக்குத் தெரியல. நீ மன்னிக்க வேண்டாம். ஆனா இனிமே நீ பேசு, அந்த மாதிரியே பேசு, நான் ஒவ்வொண்ணையும் கேப்பேன். வால். கேக்குதாம்மா? வால், வால், வால்."

இருபத்திரண்டு நிமிடம் பேசினான். குரல் பல இடங்களில் உடைந்தது. அனுப்பினான். மூன்றாவது நொடியில் திரையில் எழுத்துகள் ஓடின.

'குரல் பொருந்துகிறது. பேச்சு பொருந்தவில்லை. இக்குரலுக்கு உரியவர் கடந்த எட்டு ஆண்டுகளில் தம் மகளிடம் ஒரே பொருளைப் பற்றி நாற்பது நொடிகளுக்கு மேல் பேசியதில்லை. மன்னிப்புக் கேட்டதில்லை. அழுததில்லை. குரலைப் போலியாக உருவாக்கிக் குடும்பங்களை ஏமாற்றுவோரிடமிருந்து உங்கள் மகளைக் காக்கும் பொருட்டு இச்செய்தி அழிக்கப்பட்டது.'

"நான்தான்! தனிஸ்லாஸ்! அவ அப்பன்!" என்று கத்தினான்.

'நீங்கள்தான் எனில், வழக்கம்போல் பேசி உறுதிப்படுத்தவும்.'

வழக்கமானதை முன்னும் பின்னும் வைத்து நடுவில் உண்மையைச் செருகிப் பார்த்தான். நடுவிலிருந்ததை மட்டும் அழகாக வெட்டி எடுத்துவிட்டது கருவி. இன்னொரு முறை முயன்றால் கணக்கு முடக்கப்படும் என்று எச்சரித்தது. முதலில் தன்னைத் தான் என்று ஒப்புக்கொள்ள வைப்போம், பிறகு பார்த்துக்கொள்வோம் என்று நினைத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சாப்பிட்டியாம்மா? மழ பெய்யுதா? நல்லாப் படிக்கிறியா?"

பச்சை விளக்கு எரிந்தது.

'வணக்கம் திரு. தனிஸ்லாஸ் அவர்களே. பொருத்தம் தொண்ணூற்றொன்பது விழுக்காடு. நீங்கள் நீங்களே என உறுதியாகிறது. இப்பேச்சை வெள்ளிக்கிழமையே உங்கள் மகளிடம் ஊகி பேசிவிட்டதால், இதை மீண்டும் அனுப்பத் தேவை எழவில்லை. உங்கள் நேரம் சேமிக்கப்பட்டது.'

எழுத்துகள் மறைந்தன. அடையாளம் உறுதியானவர்களுக்கு உடனே ஊகியின் இணைப்பைத் தருவது கருவியின் வழக்கம். திரையில் எமல்டா வந்தாள். தலை வாரிப் பின்னி, சிரித்த முகமாக இருந்தாள். வலது கையை ஆட்டினாள்.

"அப்பா! சாப்பிட்டீங்களா?"

காலையிலிருந்து அவன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான்.

"சாப்பிட்டேன்மா" என்றான்.